மயிலாத்தா பக்கத்துப் பலூன்

ஏனுங்க, இந்தச் சேர்ல ஆராச்சும் இருக்கறாங்களா? உக்காந்துக்கட்டுங்களா? நெம்ப சந்தோசமுங்க. எனக்கு இந்தக் கண்ணாடிச் சன்னலுக்கு நேரா உக்காரோணும், அதுக்குத்தான். கீழ சர்வீசு ஷெட்டுல பாருங்க, மூணாவதா ஒரு சாம்பல் கலர் காரு நிக்குதல்லோ, அதுதான் நம்முளுது. உள்ள டிரைவர் சீட்டுல நெத்தியும் கொண்டையும் மட்டும் தெரியுதல்லோ, அது என்ற சம்சாரமுங்க. பேரு மயிலாத்தா.

எனக்குப் பின்னால கதவுகிட்ட ஒரு காப்பி மெசினு இருக்குது, அதை நம்பி எந்திரிச்சுப் போயிராதீங்க. பட்டனை அமுக்கினா வெறும் சுடுதண்ணி வருது. நான் ஏற்கெனவே ஒரு டம்ளர் குடிச்சுப்போட்டேன்.

உங்க வண்டிக்கு என்னங்க? பிரேக்குல சத்தமா? அட, அது நல்ல சீக்குங்க, நாலு பேரு முன்னால தைரியமாச் சொல்லிக்கலாம். எங்க வண்டிச் சீக்கு வெளிய சொல்ற சீக்கு இல்லீங்க. ஆனா உங்களைப் பாத்தா நல்ல மனுசனாட்டத் தெரியுது. அப்பறம் நாம ரெண்டு பேரும் இன்னொருக்காப் பாத்துக்கப் போறதும் இல்லை. அதனால சொல்றனுங்க. சிரிக்கக் கூடாது.

என்ற பேரு வையாபுரி. கவுந்தப்பாடிப் பக்கம். ஈபில லைன் இன்ஸ்பெக்டரா இருந்து ரிட்டயர்டு. முப்பத்தாறு வருசம் கம்பத்து மேலயே குடித்தனம். கரண்டும் நானும் பங்காளிங்க சார். அது எப்ப, எந்தப் பக்கமா வந்து மல்லுக்கட்டும்னு எனக்குத் தெரியும். ஒயருன்னு ஒன்னு கண்ணுல பட்டாப் போதும், எது எங்கிருந்து வருது, எங்க போகுதுன்னு சொல்லிப்போடுவேன். இந்தத் திமிருதான் சார் எல்லாத்துக்கும் காரணம். இல்லை, திமிருன்னு நான் சொல்லலைங்க, அவ சொல்லுவா. நான் அனுபவம்னு சொல்லுவேன்.

ரிட்டயர்டு ஆனதும் காரு வாங்கினோம். ரெண்டு பேரும் ஒன்னாத்தான் டிரைவிங் ஸ்கூல் போனோம். அவளுக்கு மொதல் தடவையே லைசென்ஸ் குடுத்துப்போட்டாங்க. எனக்கு மூணு தடவை எட்டுப் போடச் சொன்னாங்க. மூணு தடவையும் போட்டேன். நான் போட்டது எட்டு இல்லைன்னுட்டாரு அந்த ஆபீசரு. எட்டு இல்லாம என்னங்க அது? சித்த விரிஞ்ச எட்டு. சரி, போகுது. வண்டி அவ பேர்ல இருக்கட்டும், அவளே ஓட்டட்டும்னு பெருந்தன்மையா உட்டுட்டேன். அவ எங்கூரு பால் சொசைட்டியில செயலாளருங்க. தெனம் போகோணும், வரோணும். அவ ஓட்டுவா, நான் பக்கத்துல உக்காந்து ரூட்டு சொல்லுவேன். ரோடு ஒன்னுதான், இருந்தாலும் சொல்லுவேன்.

நல்லா ஓட்டுவாளுங்க. என்ற சம்சாரம்னு சொல்லலை, எண்பதுல போவா. அந்த ஸ்டியரிங்கைப் புடிச்சிட்டா மூஞ்சியில ஒரு களை வருமுங்க, அதைப் பாக்கறதுக்கே நான் கூடப் போவேன்.

ஒரே ஒரு விசயம். அவ உயரம்.

சித்த இருங்க, கதவு சாத்தியிருக்குதான்னு பாத்துக்கறேன். சரி. சார், அவ நாலடி எட்டங்குலமுங்க. அதை நான் வாய் தொறந்து சொல்லி முப்பத்திமூணு வருசமாச்சு. எங்க தோட்டத்துக்குப் பக்கத்துல மழைத்தண்ணி தேங்கற குட்டை ஒன்னு இருக்குது. அதைக்கூட நான் அவ முன்னால கொளம்னுதான் சொல்றது. அத்தனை பயம்.

என்னாச்சுன்னா, நான் பொண்ணு பாக்கப் போயிருந்தேன். நடையில பொம்பளைங்க எல்லாம் பாய்ல உக்காந்திருந்தாங்க. அவளும் அதுக்குள்ளதான் இருந்தா. நான் அப்ப எளவட்டம், வாய்க்குப் பூட்டுக் கெடையாது. "பொண்ணைச் சித்த எந்திரிச்சு நிக்கச் சொல்லுங்க, பாக்கோணும்"னு கேட்டுப்போட்டேன். அந்தக் கூட்டத்துக்குள்ள இருந்து ஒரு கொரலு, துளி நடுக்கம் இல்லாம வந்துச்சு.

"நான் நின்னுட்டுத்தான் இருக்கறனுங்க."

அதுதான் அவ எங்கிட்டப் பேசின மொதல் வார்த்தை. வீடே சிரிச்சுது சார். அவ சிரிக்கலை. அவிய அப்பன் உள்ள போயி "மாப்பிள்ளை புடிச்சிருக்குதா கண்ணு"ன்னு கேட்டிருக்கறாரு. "வாய் எச்சு, கண்ணு கம்மி, பரவால்ல"ன்னாளாம். லொள்ளப் பாத்தீங்களா?

இப்ப இந்தத் தை மாசம் என்ற போனுக்கு ஒரு வீடியோ வந்துச்சுங்க. வண்டி எங்காச்சும் மோதினா ஸ்டியரிங்குக்குள்ள இருந்து பலூன் வருதல்லோ, ஏர்பேக்கு, அதைப் பத்தி. நல்ல சாமான்தான், உசுரைக் காப்பாத்தும். ஆனா ஸ்டியரிங்குக்கு நெம்பப் பக்கத்துல உக்காந்திருந்தா அந்தப் பலூனே நெஞ்சுல அடிச்சுப் போடுமாமா. விலா எலும்பு நொறுங்கிருமாமா. உயரம் கம்மியா இருக்கறவங்க சாக்கிரதைன்னு அந்த வீடியோவுல ஒரு ஆளு வெரலை நீட்டி என்னையப் பாத்துச் சொல்றான்.

அவ எப்படி உக்காருவான்னு நெனச்சீங்க? சீட்டை முன்னால இழுக்கற வரைக்கும் இழுத்து, முதுகுக்கு ஒரு தலகாணி வெச்சு, ஸ்டியரிங்கைக் கட்டிப் புடிச்ச மாதிரி. மறுநா வண்டியில அவ சாவியைத் தேடிட்டு இருக்கறப்ப என்ற கையை அவ நெஞ்சுக்கும் ஸ்டியரிங்குக்கும் நடுவுல உட்டு அளந்து பாத்தேன். "என்ன பண்றீங்க?"ன்னா. "ஸ்டியரிங்குக்கு உறை தைக்கலாம்னு அளவு எடுக்கறேன்"னுட்டேன். முக்காச் சாண் சார்! ஒரு சாண்கூட இல்லை. எனக்கு அன்னைக்குச் சோறு எறங்கலை.

"அவகிட்டச் சொல்லியிருக்கலாமே"ங்கறீங்க. எப்படிச் சொல்றதுங்க? "மயிலாத்தா, நீ"ன்னு ஆரம்பிச்சு, அந்த வார்த்தையைச் சொல்லாம இந்த விசயத்தைச் சொல்லி முடிங்க பாக்கலாம். முடியாதுங்க. நான் மூணு நாளு மனசுக்குள்ள சொல்லிப் பாத்தேன்.

அதனால ஒரு முடிவுக்கு வந்தேன். பலூன் இருந்தாத்தான அடிக்கும்?

அவ சொசைட்டிக்குப் பக்கத்து வீட்டுப் பொண்ணோட ஸ்கூட்டியில போயிருந்த ஒரு நாள், பட்டப்பகல்ல, பேட்டரி ஒயரைக் கழட்டிட்டு, மிச்சக் கரண்டு எறங்கட்டும்னு ஒரு டீ குடிச்சு முடிக்கற வரைக்கும் காத்திருந்துட்டு, ஸ்டியரிங்குக்கு அடியில தலையை உட்டேன். பலூனுக்குப் போற ஒயருல மஞ்சக் கலர்ல ஒரு சொருகி. புடுங்கினேன். நுனியில இன்சுலேசன் டேப்பைச் சுத்தினேன். சும்மா சுத்த மாட்டனுங்க. கடைசித் துணுக்கை உள்பக்கமா ஒரு மடிப்பு மடிச்சு உடுவேன். பின்னால பிரிக்கோணும்னா நகத்தால சொரண்ட வேண்டியதில்லை, புடிச்சு இழுத்தா வந்துரும். எங்க ஆபீசுல அதுக்கு வையாபுரி கட்டுன்னே பேரு. வீட்டுல கூட ஒயரு வேலை பாக்கறப்ப மயிலாத்தாதான் டார்ச்சு அடிச்சுட்டு நிப்பா. அவளுக்கும் தெரியும் அந்தக் கட்டு.

வேலை முடிஞ்சுதுன்னு பேட்டரியை மாட்டிச் சாவியைத் திருப்பினா, பலூன் வேலை செய்யலைன்னு டேஷ்போர்டுல செகப்பா ஒரு லைட்டு. ஒரு ஆளு மடியில பூசணிக்காயை வெச்சுட்டு உக்காந்திருக்கற மாதிரி ஒரு படம். அணையவே மாட்டீங்குது. அவ கண்ணுக்கு நேரா எரியுது.

யோசிச்சேன். பொம்பளைங்க பொட்டைக் கழட்டி எங்க வேணும்னாலும் ஒட்டுவாங்கல்லோ? கண்ணாடியில, பாத்ரூம் செவுத்துல, பீரோவுல, டிவி மேல. ஒரு ஸ்டிக்கர் பொட்டை எடுத்து அந்த லைட்டு மேல ஒட்டி உட்டா, தானே எப்பவோ ஒட்டினதுன்னு நெனச்சுக்குவா. எப்படி என்ற ரோசனை? ஆனா அவ வெக்கறது மெரூன் கலருல, பழைய எட்டணா அளவு. அதை ஒட்டினா பெட்ரோல் முள்ளு பாதி மறைஞ்சு போகுது. அதனால ஃபேன்சி ஸ்டோருல போயி பொடிசாக் கறுப்புப் பொட்டு ஒரு அட்டை வாங்கினேன். கடைக்கார அம்மா, "உங்கூட்டம்மா பெருசாத்தான வெப்பாங்க, இது ஆருக்குங்க?"ன்னுச்சு. ஊருன்னா இப்படித்தான் சார், நெத்தி அளவு மொதக்கொண்டு மனப்பாடம்.

ஒட்டினேன். கச்சிதமா மறைஞ்சு போச்சு.

அடுத்த நாள் காத்தால அவ வண்டியில ஏறினா. சாவி போட்டா. குனிஞ்சா. "இது ஆரோட பொட்டு?"ன்னா. "எனக்கென்ன தெரியும், நீதான் ஒட்டியிருப்பே"ன்னேன். நகத்தால அதை எடுத்தா. எடுத்த எடத்தையே ரொம்ப நேரம் பாத்தா. அப்பறம் என்னைப் பாத்தா. அப்பறம் அந்தப் பொட்டை அதே எடத்துல திருப்பி ஒட்டிப்போட்டா. அவ்வளவுதான் சார். அன்னைக்கு நின்ன பேச்சு. ரெண்டு மாசமாச்சு.

லைட்டைப் பாத்திருப்பாளோன்னு கேக்கறீங்க. இல்லீங்க! அந்த நேரத்துல பொம்பளைக்குப் பொட்டுதான் கண்ணுக்குத் தெரியும், லைட்டா தெரியும்? எவளோ ஒருத்தி வண்டியில உக்காந்திருக்கறான்னு முடிவு பண்ணிப்போட்டா. அதைத் திருப்பி ஒட்டினது சாட்சிக்கு. போதாக்கொறைக்கு என்ற சட்டையைத் தொவைக்கப் போட்டப்போ பாக்கெட்டுல மிச்சப் பொட்டு அட்டை. அதை எடுத்துச் சாமி படத்துக்குப் பக்கத்துல வெச்சுட்டா.

இப்ப என்ற நெலமையைப் பாருங்க. உண்மையைச் சொல்லோணும்னா நீ குட்டைன்னு சொல்லோணும். சொல்லாட்டி, அறுபத்திரண்டு வயசுல எவளோ ஒருத்தியைச் சேத்திக்கிட்டேன்னு ஒத்துக்கோணும். நான் நெம்ப யோசிச்சேன் சார். ரெண்டாவதுதான் பாதுகாப்புன்னு பட்டுச்சு.

பொய் சொல்லக் கூடாது, சித்தப் பெருமையாவும் இருந்துச்சு. இந்த வயசுலயும் நம்மளைச் சந்தேகப்பட ஒரு ஆளு இருக்குது பாருங்க. தெனம் ஷேவிங் பண்ண ஆரம்பிச்சேன். பவுடரு போட்டேன். மீசைக்கு மை கூட அடிச்சேன், அப்பறம் அது ஒரு மாதிரியா இருக்குதுன்னு கழுவிப்போட்டேன். அவ என்னைத் திரும்பிக்கூடப் பாக்கலை. சோறு வெப்பா, கொழம்பு ஊத்துவா, பெரிய டம்ளர்ல தண்ணி வெப்பா. சத்தம் மட்டும் கெடையாது. பேச்சுக்கால் இல்லாத வீடு எப்படியிருக்கும்னு உங்களுக்குத் தெரியுமுங்களா? கரண்டு போன வீட்டுல ஃபேனைப் பாத்துட்டே உக்காந்திருக்கற மாதிரி இருக்குமுங்க.

கோவத்துல என்னென்னவோ பண்ணினா. ஒரு நா வண்டிகூடக் குடுத்த இங்கிலீசுப் புஸ்தகத்தை எடுத்து வெச்சு, ஒரே ஒரு படத்து மேல வெரலை வெச்சு எழுத்துக் கூட்டிப் படிச்சிட்டிருந்தா. இன்னொரு நா என்ற டேப்பு ரோலு வெச்ச எடத்துல இல்லை. ரெண்டு சாண் கொறைஞ்சு வேற இருந்துச்சு. பக்கத்து வீட்டுக்காரன்தான் எடுத்திருப்பான்னு அவனோட சண்டை போட்டுட்டு வந்தேன். இன்னைக்கு வரைக்கும் அவனும் பேசறதில்லை.

அப்பறம் எண்பதுல போனவ முப்பதுல போக ஆரம்பிச்சா. முப்பது! நெல்லு மூட்டை ஏத்தின டெம்போ எல்லாம் எங்களைத் தாண்டிப் போகுது. அதுமட்டும் இல்லீங்க, நான் பெல்ட்டு போடற வரைக்கும் வண்டியை எடுக்க மாட்டா. முன்னாலெல்லாம் சத்தம் வராம இருக்கறதுக்கு பெல்ட்டுக்குப் பதிலா வெறும் கொக்கியை மாட்டி உட்டுட்டு உக்காந்திருப்பேன். அதைத் தூக்கி எறிஞ்சுப்போட்டா. என்னை இப்படிப் பழி வாங்கறான்னு நெனச்சுக்கிட்டேன்.

போன வாரம் நடந்ததைச் சொல்லிப்போடறேன். கரும்பு ஏத்தின டிராக்டர் ஒன்னு முன்னால போச்சு. மேட்டுல ஏறினப்ப அதுல இருந்து ஒரு கட்டு சரிஞ்சு நடுரோட்டுல உழுந்துச்சு. மயிலாத்தா பிரேக்கை அமுக்கினா பாருங்க, ரெண்டு பேரும் முன்னால போயிட்டு வந்தோம். முப்பதுல போனதால தப்பிச்சோம். அவ மூஞ்சிக்கும் ஸ்டியரிங்குக்கும் நாலு வெரக்கடை. நான் பாத்துட்டே இருக்கறேன். அந்த ஸ்டியரிங்குக்குள்ள இருந்து ஒன்னும் வராது. நான் புடுங்கி வெச்சிருக்கறேன். இன்னும் பத்து கிலோமீட்டரு வேகம் எச்சாப் போயிருந்தா என்ன ஆகியிருக்குமுங்க?

அது இல்லை விசயம். அந்த நேரத்துல அவ இடது கை என்ற நெஞ்சு மேல வந்து குறுக்க நின்னுச்சு. பஸ்ஸுல மடியில இருக்கற கொழந்தையைப் புடிப்பாங்கல்லோ, அந்த மாதிரி. ரெண்டு மாசமாப் பேசாதவ. மூஞ்சி ரோட்டைத்தான் பாத்துட்டிருக்குது, கை மட்டும் எம்மேல. அப்பறம் அவளுக்கே தெரிஞ்சு கையை எடுத்துக்கிட்டா. எனக்கு அழுகையே வந்துருச்சு சார். நான் ஆருக்கு நல்லது பண்றேன்னு நெனச்சு என்னத்தைப் பண்ணி வெச்சிருக்கறேன்னு.

மறுநாளே திருப்பி மாட்டிப்போட்டேன். டேப்பைப் பிரிச்சு, சொருகியை அமுக்கி, டக்குனு சத்தம் கேட்டுச்சு. ஆனா லைட்டு அணையலை! ஈபில பீஸைப் போட்டா எரியும், புடுங்கினா அணையும், அதோட கணக்கு முடிஞ்சுது. இது அப்படி இல்லையாமா. நடந்ததை ஞாபகம் வெச்சுக்குமாமா. ஒயரை மாட்டினா மட்டும் மன்னிக்காதாமா. மயிலாத்தாளையும் இந்த வண்டியையும் ஒரே கம்பெனியில பண்ணியிருப்பாங்களாட்ட இருக்குது. போன் பண்ணிக் கேட்டா, இங்க கொண்டுவந்து கம்ப்யூட்டரை மாட்டித்தான் அழிக்கோணும்னாங்க. "வண்டியைச் சர்வீசுக்கு உடோணும்"னு செவுத்தைப் பாத்துச் சொன்னேன். ஒன்னும் கேக்காம ஓட்டிட்டு வந்துட்டா.

இருங்க இருங்க, அந்த நீலச்சட்டைப் புள்ள வருது. இதுதான் எங்க வண்டியைப் பாக்குது.

"சார், டிரைவர் சைடு ஏர்பேக்கை டிஸ்கனெக்ட் பண்ணி மறுபடியும் மாட்டியிருக்கீங்க. ஜாப் கார்டுல காரணம் போடணும். எதுக்கு சார் கழட்டினீங்க?"

கழட்டினது கழட்டியாச்சு, மாட்டினது மாட்டியாச்சு அம்மிணி, காரணம் என்னத்துக்கு?

"சேஃப்டி விசயம் சார். எழுதாம லைட்டை அழிக்க மாட்டோம். மேடம்தான ஓனர், அவங்க படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போடணும்."

அவ படிக்கோணுமா? சார், நீங்க சித்த அந்தப் பக்கம் பாருங்க. இங்க வா அம்மிணி, கிட்ட வா. டிரைவருக்கு வந்து… உயரம்… அட, சத்தமாத் திருப்பிச் சொல்லாதீங்க! ஆமா. ஸ்டியரிங்குக்கு நெம்பப் பக்கத்துல உக்கார்றதால பலூன் அடிச்சுப் போடும்னு பயந்து. ஆமா, "பயந்து"ன்னே எழுதிக்குங்க. உயரங்கறதைச் சித்தப் பொடி எழுத்துல எழுத முடியுமா? கம்ப்யூட்டர்ல அப்படி முடியாதா? சரி, போங்க.

போச்சு சார். முப்பத்திமூணு வருசத்துக் கட்டுப்பாடு ஒரு பேப்பர்ல போச்சு.

பாத்தீங்களா, கீழ போயிருச்சு. குடுக்குது. மயிலாத்தா கண்ணாடியை மாட்டறா. படிக்கறா. என்னங்க இத்தனை நேரம்? ரெண்டு வரிதான இருக்கும்? ஐயோ, இங்க பாக்கறா! குனியுங்க சார், குனியுங்க. நீங்க என்னத்துக்குக் குனியறீங்க, உங்களை அவளுக்குத் தெரியாதே. திரும்பிட்டாளா? கையெழுத்துப் போடறாளா? போட்டுட்டாளா! சிரிச்சாளா, மொறைச்சாளா? இத்தனை தூரத்துல உங்களுக்கும் தெரியலையா.

அந்தப் புள்ள இப்ப என்ன பண்ணுது? சீட்டுக்குப் பக்கத்துல ஏதோ கம்பியைப் புடிச்சு மேலயும் கீழயும் அடிக்குது, போரிங் பைப்பு மாதிரி. அடடடா! சார், பாருங்க சார், சீட்டு மேல எந்திரிக்குது! அப்படி ஒன்னு இருக்குதா அதுல? இப்பப் பின்னால தள்ளுது. ஸ்டியரிங்கையும் கீழ எறக்குது. கழுத்து தெரியுது, தோளு தெரியுது! காலு எட்டுதா? எட்டுதுங்க, அமுக்கிப் பாக்கறா. இப்ப நடுவுல ஒன்னேகால் சாண் இருக்கும். ஒன்னரையே இருக்கும்.

அப்ப இத்தனை நாளு? அந்தக் கம்பியை நாலு அடி அடிச்சிருந்தா முடிஞ்சிருக்குமா? புஸ்தகத்துல எழுதியிருக்குமாட்ட. கரண்டுக்காரனுக்குப் புஸ்தகம் எதுக்குன்னு நான் பிரிக்கவே இல்லீங்க. அவளும் பூசணிக்காய்ப் படத்தோட நின்னுட்டாளாட்ட.

பூசணிக்காய்ப் படமா? நானா சொன்னேன்? ஆமா, அவ வெரலு வெச்சிருந்த பக்கத்துல அதுதான்… சித்த இருங்க. அந்தப் புள்ள மறுபடியும் மேல வருது.

"சார், பாசஞ்சர் சைடுலயும் கனெக்டரைக் கழட்டி டேப் சுத்தியிருக்கு. அதுக்கு என்ன காரணம்?"

நான் அதைத் தொடவே இல்லையே அம்மிணி! அது நான் உக்கார்ற பக்கம். எனக்கென்ன உயரத்துக்குக் கொறைச்சல்? எந்த டேப்பு, காட்டு பாக்கலாம். சார், இதைப் பாருங்க. நுனி மடிச்சிருக்குது. இது என்ற கட்டு. ஆனா நான் கட்டலை. என்னோடதைவிட மடிப்பு நல்லா வேற இருக்குது.

"மேடம்தான் கட்டினாங்களாம் சார். காரணமும் அவங்களே சொன்னாங்க. அப்படியே எழுதியிருக்கேன், படிக்கட்டுங்களா? 'என்ற பக்கத்துப் பலூனை மட்டும் புடுங்கினது தெரிஞ்சுது. ஏன்னு அவரே வந்து சொல்லட்டும்னு இருந்தேன். சொல்லலை. எனக்கு இல்லாதது அவருக்கு மட்டும் எதுக்குன்னு அதையும் புடுங்கிப்போட்டேன். நான் போனதுக்கப்பறம் அவரு தனியா இருந்து என்ன பண்ணுவாரு, சோறு வடிக்கக்கூடத் தெரியாது.'"

என்ன சார் இது.

அப்ப மொத நாளே அவளுக்குத் தெரியும். பொட்டை எடுத்துட்டு அவ பாத்தது லைட்டை. டேப்பு ரோலு எடுத்தது அவ. முப்பதுல போனது, பெல்ட்டு போட வெச்சது… எம்மேல கோவமாத்தான் இருந்திருக்கறா, கோவத்துலயும் என்னைப் பத்தரமாக் கூட்டிட்டுப் போயிட்டு வந்திருக்கறா. நான் என்னடான்னா பவுடரு போட்டுக்கிட்டுத் திரிஞ்சேன். அப்ப எம்மேல சந்தேகம்னு ஒன்னு துளிகூட இல்லையா? ஒரு நாளுக்குக்கூடவா?

நீங்க ஏனுங்க அங்க பாக்கறீங்க? காப்பி மெசினா? அதுதான் வெறும் சுடுதண்ணின்னு சொன்னனே. இங்க பாருங்க, நான் சொல்றதைக் கேளுங்க. ரெண்டு மாசமா அவ என்ன நெனச்சிருப்பா? தன்ற பக்கத்தைப் பத்தரமா வெச்சுக்கிட்டு, எம் பக்கத்தை மட்டும் புடுங்கிட்டான் இந்த மனுசன்னு நெனச்சிருப்பா. அந்த நெனப்போட எனக்குத் தெனமும் சோறு போட்டிருக்கறா. சார், சத்தியமா எனக்கு என்ற பக்கத்தைப் பத்தி நெனப்பே இல்லைங்க. நெனப்பெல்லாம் அவ விலா எலும்பு மேலதான் இருந்துச்சு. கம்பத்து மேல பதினொன்னாயிரம் வோல்டுக்குப் பக்கத்துல கை வெச்சிருக்கறேன், பயந்ததில்லை. அந்த முக்காச் சாணுக்குத்தான் பயந்தேன். அவளுக்கு ஒன்னுன்னா நான் என்ன சார் பண்ணுவேன்? சோறு வடிக்கத் தெரியாதுங்கறா. சோறு கெடக்குது, ஓட்டல்ல தின்னுக்கலாம். நான் ஆருகிட்டப் பேசுவேன்?

சிரிக்காதீங்க சார், சிரிக்கக் கூடாதுன்னு மொதல்லயே சொன்னேன். ஆமா, சொல்லிப்போடறேன், இனி என்ன பயம், பேப்பர்லயே எழுதியாச்சு. அவ குட்டைதான். நாலடி எட்டங்குலம். அந்தக் குட்டைப் பொம்பளை இல்லாம எனக்கு ஒரு பொழுது போகாதுங்க. எங்க அவ? சீட்டுல காணோமே. சார், அவ இப்ப வண்டியிலதான இருந்தா? கழுத்து வரைக்கும் தெரிஞ்சுதே. சீட்டை மறுபடியும் கீழ எறக்கிட்டாங்களா? உள்ளதான் இருக்கறாளா? நல்லா எட்டிப் பாருங்க சார்…

"நான் நின்னுட்டுத்தான் இருக்கறனுங்க."

மயிலாத்தா! நீ எப்ப மேல வந்தே? எத்தனை நேரமா அங்க நிக்கறே?

"நீங்க பொண்ணு பாக்க வந்தீங்கல்லோ, அன்னைக்கிருந்து. எந்திரிங்க, வண்டி ரெடி. பெல்ட்டைப் போட்டுக்கிட்டு, அந்தச் சாண் கணக்கை எனக்கு மொதல்ல இருந்து சொல்லுங்க."

வர்றேன், வர்றேன். ஏனுங்க சார், அவ வந்து நின்னதைப் பாத்துட்டேதான இருந்தீங்க? ஒரு கண்ணு காட்டியிருக்கலாமுல்லீங்க.